பின்வாசல் வரிசை

மகள் குல்ஷன் கராச்சிக்குப் போன பிறகு அஸ்மத்துன்னிசாவின் வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. சண்டை போட்டு நின்ற பேச்சல்ல. பேச ஆளில்லாமல் நின்றது. காலையில் கீரைக்காரி குரல் கொடுப்பாள், இவள் முறத்தை நீட்டுவாள், அவ்வளவுதான். அந்தியில் மக்ரிப் தொழுதுவிட்டு எழுந்திருக்கும்போது தொண்டை கட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் குடித்துச் செருமிக்கொள்வாள். அந்தச் செருமல்தான் சில நாட்களில் அந்த வீட்டில் கேட்ட ஒரே மனிதக் குரல்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் இருந்தது வீடு. கணவர் குலாம் ரசூல் லஸ் மூலையில் கடிகாரக் கடை வைத்திருந்தவர். யுத்தத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். கடை வாடகை வந்துகொண்டிருந்ததால் பசிக்குப் பஞ்சமில்லை. மருமகன் ஷரஃபுதீன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறப் புறப்பட்டபோது, "நீங்களும் வந்துடுங்க, இங்க தனியா என்ன செய்வீங்க?" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். "அங்கே எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள் இவள். இங்கே மட்டும் யாரைத் தெரியும் என்று இப்போது தன்னையே கேட்டுக்கொள்ளும்படி ஆகிவிட்டது. சந்தில் மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஹைதராபாத் கலவரச் செய்திகள் வந்ததிலிருந்து மிச்சமிருந்தவர்களும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குரலைத் தணித்துப் பேசப் பழகியிருந்தார்கள்.

அப்படி இருக்கையில், 1949ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், சந்து முனையில் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருத்தி மர்சலின். சாந்தோமில் மாதா கோயில் பள்ளிக்கூடத்து டீச்சர், குல்ஷனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். கூட வந்தது மாடவீதி வக்கீலின் மனைவி ஜெயலக்ஷ்மி. கதர்ப் புடவை, காதில் வைரத்தோடு.

"உங்களைப் பத்தி டீச்சர் நிறையச் சொன்னா," என்று ஜெயலக்ஷ்மி நின்றபடியே ஆரம்பித்தாள். "கப்பல்ல பால் பவுடர் வந்திருக்கு. சின்னக் குழந்தைகளுக்கெல்லாம் கரைச்சுக் குடுக்கப் போறோம். ஜாதி, மதம்னு எந்த வித்தியாசமும் கிடையாது. கமிட்டியிலயும் எல்லாரும் இருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. கிறிஸ்தவாளுக்கு மர்சலின் இருக்கா. முஸ்லிம்களுக்கு நீங்க வரணும்."

அஸ்மத்துன்னிசாவின் காதில் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் விழுந்தன. நீங்க வரணும். அவளை வரச்சொல்லி யாராவது கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று!

"வர்றேம்மா," என்றாள். குரல் கரகரத்தது.

கமிட்டி புதன்கிழமை பிற்பகல்களில் வக்கீல் வீட்டு மாடியில் கூடியது. அஸ்மத்துன்னிசா மதிய லுஹர் தொழுத கையோடு புர்காவை மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவாள். மாடியில் எல்லோருக்கும் நாற்காலி, அவளுக்கும் நாற்காலி. கூட்டம் பாதியில் இருக்கும்போது வெள்ளி டம்ளர்களில் காபி வரும். மர்சலினுக்கும் இவளுக்கும் கோலி சோடா வரும். பாட்டிலிலிருந்து நேராகக் குடித்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைத்துவிடலாம். கழுவுகிற பிரச்சினை யாருக்கும் இல்லை.

"எனக்கு எப்பவும் சோடாதான் அக்கா," என்று மர்சலின் ஒரு நாள் காதோடு சொன்னாள். "காபி வாசனை மட்டும் நமக்கும் உண்டு." இருவரும் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

சோடாவை அஸ்மத்துன்னிசா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடு திரும்பும்போது அன்று யார் யார் என்ன பேசினார்கள், தான் எதற்கு என்ன பதில் சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே நடப்பாள். அடுத்த புதன் வரைக்கும் அது தாங்கும்.

பால் கொடுக்கிற இடம் குளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சத்திரம். ஜெயலக்ஷ்மியின் மைத்துனர் அதற்கு தர்மகர்த்தா. முன்கூடத்தில் பெஞ்சு போட்டு, பெரிய அண்டாவில் பால் கரைத்து வைப்பார்கள். அக்கம்பக்கத்துத் தெருக் குழந்தைகள் முன்வாசல் வழியாக வந்து குடித்துவிட்டுப் போகும். கடற்கரைக் குப்பத்துக் குழந்தைகளுக்கு மட்டும் பின்வாசல். மாட்டுக்கொட்டில் ஓரமாக, சாணிக்கும் சுவருக்கும் நடுவில் அவர்கள் வரிசை நிற்பார்கள்.

"தாய்மார் மீன்கூடையோட வரா, பாருங்கோ," என்றாள் ஜெயலக்ஷ்மி. "சத்திரத்துல சிராத்தம் நடக்கற இடம். மைத்துனர் இடம் குடுத்ததே பெரிசு. எந்தப் பக்கம் நின்னா என்ன, ரெண்டு பக்கமும் ஒரே பால்தானே?"

ஒரே பால்தான். ஆனால் முன்வாசல் முடிந்த பிறகுதான் பின்வாசல். அண்டா அடி தட்டத் தொடங்கும்போது அதில் ஒரு குடம் தண்ணீர் விழும். அதுவும் தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அஸ்மத்துன்னிசாவின் சந்திலிருந்து ஒரு குழந்தைகூட வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பேச்சு கமிட்டியில் வந்தது. "நாம எல்லாருக்கும்தான் திறந்து வெச்சிருக்கோம். வராதவாளை இழுத்துண்டா வர முடியும்?" என்று ஜெயலக்ஷ்மி வருத்தத்தோடு சொன்னாள். அவள் வருத்தம் பொய்யல்ல. "உங்க மனுஷாகிட்ட நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."

அஸ்மத்துன்னிசா எடுத்துச் சொல்லப் போனாள். எதிர்வீட்டு ஷாகிரா இளம் வயதுக்காரி. அவள் புருஷன் வேலை தேடி பம்பாய்க்குப் போனவன், பணமும் அனுப்பவில்லை, காகிதமும் போடவில்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தை ரேஷன் அரிசிக் கஞ்சியில் வளர்ந்துகொண்டிருந்தது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை.

"அந்தத் தெருவுக்கா சாச்சி?" என்றாள் ஷாகிரா. "போன மாசம் புர்காவோட குளத்தங்கரை வழியா வந்தேன். 'இன்னும் கப்பல் ஏறலியா'ன்னு ஒருத்தன் கேட்டான். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. நான் மாட்டேன்."

அஸ்மத்துன்னிசா தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. என்னவோ தோன்றி, நேராகச் சத்திரத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அதுவரை அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. வரிசையில் நின்ற குப்பத்துப் பெண்களில் ஒருத்தி, பாஞ்சாலி என்று பெயர், இடுப்பில் குழந்தையோடு இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா பீவிம்மா, நீ கமிட்டிதானே? மாடில ஒக்காந்துகினு இன்னா பேசுறீங்க? நாங்க இங்க சாணில நின்னுகினு கீறோமே, அத்த பேசுனியா?"

"இல்ல," என்றாள் அஸ்மத்துன்னிசா. "இனிமே பேசறேன்."

"நீ பேச வாணாம். எங்கள்ல ஒருத்தி அங்க வந்து ஒக்காந்தா எங்களுது நாங்களே பேசிக்கினு போறோம். ஒக்கார வுடுவாங்களா? அத்த கேளு, போ."

கேட்டாள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள். முன்வாசல், பின்வாசல் என்று இல்லாமல், எல்லோரும் கூச்சப்படாமல் வரக்கூடிய பொது இடமாக ஒன்று பார்க்க வேண்டும். வரிசை ஒன்றுதான் இருக்க வேண்டும். குப்பத்திலிருந்து பாஞ்சாலியைக் கமிட்டியில் சேர்க்க வேண்டும். வீட்டில் தனியாக இருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள்.



"பாஞ்சாலி எதுக்கு?" என்றாள் ஜெயலக்ஷ்மி மென்மையாக. "ஏழைகளுக்காகப் பேச நாம இத்தனை பேர் இருக்கோமே? அவளுக்கு இங்க வந்து உக்காரவே கூச்சமா இருக்கும்."

"கூச்சமா இருக்குமான்னு அவளைக் கேட்டுப் பாக்கலாமேம்மா."

"டீச்சர், நீங்க சொல்லுங்கோ," என்று ஜெயலக்ஷ்மி மர்சலின் பக்கம் திரும்பினாள். சாந்தோம் குப்பத்து ஜனங்களைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறவள் மர்சலின். பின்வாசலில் நடப்பது அவளுக்குத் தெரியும். அவள் சோடா பாட்டிலின் கழுத்தில் உருண்ட கோலியைப் பார்த்துக்கொண்டு, "அம்மா பார்த்துச் செஞ்சா சரி," என்றாள்.

ஜெயலக்ஷ்மியின் முகம் சிவந்திருந்தது. கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம் தெரிந்தது. "நான் ஒண்ணு கேக்கறேன். உங்களை நாங்க என்னிக்காவது வித்தியாசமா நடத்தினோமா? நீங்களே சொல்லுங்கோ."

இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். புதன்கிழமை மிஞ்சும், நாற்காலி மிஞ்சும், வாரம் ஒரு நாளாவது வாய் திறந்து பேசுகிற பாக்கியம் மிஞ்சும். அஸ்மத்துன்னிசாவுக்கு அது அத்தனையும் அந்த ஒரு கணத்தில் நினைவுக்கு வந்தது.

"அன்பாத்தான் நடத்தினீங்கம்மா," என்றாள். "ஆனா தனியாத்தான் நடத்தினீங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் வெற்றிலையை மடித்தபடி, "இப்படியெல்லாம் நெனச்சுக்கறவா அவாளோட போயிருக்கலாமே, கராச்சிக்கு," என்றாள். "சீ, என்ன பேச்சு இது!" என்று ஜெயலக்ஷ்மி அவளை உடனே அதட்டினாள். அதட்டியதோடு அன்றைய கூட்டம் முடிந்துபோயிற்று. கேட்டதற்குப் பதில் யாரும் சொல்லவில்லை.

வாசல்வரை மர்சலின் ஓடிவந்தாள். "அக்கா, மன்னிச்சுக்குங்க. எங்க ஸ்கூலுக்குக் கட்டடம் எழுப்ப வக்கீல் ஐயாதான் ஆளைப் பிடிச்சு ஏற்பாடு பண்றார். நான் வாயைத் திறந்தா..."

"உன்னை நான் ஒண்ணும் கேக்கலியே, மர்சலின்," என்றாள் அஸ்மத்துன்னிசா. கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட மர்சலினுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அப்படியே நின்றவளை விட்டுவிட்டு நடந்தாள்.

அடுத்த புதன் அவள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டும் யாரும் வரவில்லை. அதற்கடுத்த புதனும் அப்படியே. பழைய மௌனம் வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டது. முன்பாவது அது பழகிப்போன மௌனம். இப்போது நடுநடுவே மாடியிலிருந்த குரல்கள் அவள் காதில் கேட்டன. பதில் சொல்ல வாய் வரும், பிறகு யாருமில்லை என்று தெரியும்.

ஷாகிராவின் குழந்தை அழுகிற சத்தம் எதிர்வீட்டிலிருந்து ஓயாமல் வந்தது. ஒரு நாள் காலை அஸ்மத்துன்னிசா போய் நின்றாள்.

"குழந்தையை என்கிட்ட குடு. நான் போய்ப் பால் வாங்கித் தர்றேன். உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா என்னைச் சொல்லட்டும்."

ஷாகிரா குழந்தைக்கு முகம் துடைத்துக் கொடுத்து அனுப்பினாள்.

சத்திரத்தின் முன்வாசலில் இவளைத் தெரிந்த பெண்கள் இருந்தார்கள். இவள் அவர்களைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். மாட்டுக்கொட்டிலருகே வரிசை நீண்டிருந்தது. பாஞ்சாலி திரும்பிப் பார்த்தாள்.

"கமிட்டி ஆளு உள்ள போவறதுதானே?"

"கமிட்டிக்கு வரல. பால் வாங்க வந்தேன்."

பாஞ்சாலி அவள் முகத்தையும் இடுப்பிலிருந்த குழந்தையையும் பார்த்தாள். "அப்பிடின்னா கடேசில போயி நில்லு. நாங்கல்லாம் விடிஞ்சதுலேர்ந்து நிக்கிறோம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அஸ்மத்துன்னிசா கடைசியில் போய் நின்றாள். புர்காவின் ஓரத்தில் சாணி பட்டது. ஈ மொய்த்தது. யாரும் அவளுக்காக விலகவில்லை, யாரும் பெஞ்சு கொண்டுவந்து போடவில்லை. முன்னால் நின்றவள் தன் கூடையைக் காலால் இவள் பக்கம் தள்ளி, "பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போனாள். இவள் பார்த்துக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு என்னவோ மனசு லேசாக இருந்தது.

வெயில் ஏறியது. பின்கதவு திறந்து வரிசை நகர்ந்தது. இவளுக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் இருக்கும்போதே அண்டாவைக் கவிழ்த்துக் காட்டிவிட்டார்கள். குழந்தை பால் வாசனையைப் பிடித்துவிட்டது. கையை நீட்டிக்கொண்டு வீறிட்டது.

உள்ளே யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஜெயலக்ஷ்மியே வந்துவிட்டாள். அவள் அந்தப் பின்வாசலுக்கு வந்து நிற்பது அதுதான் முதல் தடவை என்று அவள் கால் வைத்த விதத்திலேயே தெரிந்தது. சாணியைப் பார்த்தாள். காலிப் பாத்திரத்தோடு நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு அஸ்மத்துன்னிசாவைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் இங்க நிக்கறேள்? உள்ள வாங்கோ. குழந்தைக்கு எங்காத்துலேர்ந்து பசும்பாலே கொண்டுவரச் சொல்றேன்."

"இவங்களுக்கும் சேத்துக் கொண்டுவரச் சொல்லுங்கம்மா."

"எல்லாருக்கும் எப்படி முடியும்? குழந்தை அழறது, பாருங்கோ. வீம்பு பண்ற நேரமா இது?"

குழந்தை இவள் தோளைக் கடித்தது. உள்ளே போனால் அதன் வயிறு நிறையும். வரிசையில் நின்றவர்கள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

"இன்னிக்கு வேண்டாம்மா," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் சந்துக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஷாகிரா வாசலில் நின்றிருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள் அஸ்மத்துன்னிசா. ஷாகிரா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பசும்பால் தர்றேன்னு கூப்பிட்டாங்க, நீங்க வேண்டாம்னீங்களா? உங்க மானத்துக்கு என் புள்ளை பட்டினி கெடக்கணுமா சாச்சி?"

"மானத்துக்கு இல்ல ஷாகிரா..."

"வேற எதுக்கு?" கதவு சாத்திக்கொண்டது.

வேறு எதற்கு என்று அன்று முழுவதும் யோசித்தாள். நியாயம் என்று சொல்லலாம். ஆனால் பசித்த குழந்தைக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. தான் செய்தது சரியா தப்பா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருந்தது. குல்ஷன் இருந்தால் கேட்டிருப்பாள். டீக்கு வைத்திருந்த கொஞ்சம் பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து அதே இடத்தில் இருந்தது.

ஆனால் ஜெயலக்ஷ்மி அன்று கண்ணால் பார்த்ததைப் பார்க்காததுபோல் இருக்கவில்லை. அவள் மைத்துனரோடு பேசினாள், பேச்சு வளர்ந்து சண்டையாகி, இரண்டு வீட்டுக்கும் நடுவே போக்குவரத்தே நின்றது என்று பேசிக்கொண்டார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பால் கொடுக்கிற இடம் சாந்தோம் பக்கம் ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்துக்கு மாறியது. ஒரே வாசல், ஒரே வரிசை. பாஞ்சாலி கமிட்டியில் உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் வந்து சொன்னவள் மர்சலின்தான். சொல்லிவிட்டு இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லு," என்றாள் அஸ்மத்துன்னிசா.

"நீங்க ரொம்ப அலைஞ்சுட்டீங்களாம், கொஞ்ச நாள் ஓய்வா இருக்கட்டும்னு அம்மா சொன்னாங்க. அன்னிக்கு நீங்க தூக்கிட்டு வந்த குழந்தையோட அம்மா யாருன்னு விசாரிச்சு, உங்க இடத்துக்கு எதிர்வீட்டு ஷாகிராவைப் போட்டிருக்காங்க. சின்னப் பொண்ணு, சொன்னதைக் கேட்டுப்பான்னு..." மர்சலினுக்குக் கண் கலங்கியது. "இப்பவும் நான் ஒண்ணும் பேசலக்கா."

"குழந்தைங்க பால் குடிக்குதில்ல?"

"குடிக்குதுங்க. உங்க சந்துலேர்ந்தும் வர்றாங்க."

"அப்போ சரி," என்றாள்.

ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. போய்ப் பார்த்தாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம், பூவரச மர நிழலில் நின்று பார்த்தாள். வரிசையில் புர்காக்கள் இருந்தன. மீன்கூடைகள் சுவரோரம் இருந்தன. மாடவீதிப் பக்கத்துச் சமையற்காரர் மனைவி ஒருத்தி முன்னும் பின்னும் ஒரு கை தூரம் விட்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, ஆனாலும் அதே வரிசையில் நின்றாள். ஷாகிரா கரண்டியால் பால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் குழந்தை தாழ்வாரத்துத் தூணைச் சுற்றி ஓடியது. அதற்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

உள்ளே போகலாம். ஆனால் போய் என்ன செய்வது? கமிட்டியில் இல்லை. வரிசையில் நிற்க இடுப்பில் குழந்தையும் இல்லை. ஷாகிரா நிமிர்ந்தபோது இவள் பக்கம் பார்த்தாளா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாளா என்று தெரியவில்லை. அஸ்மத்துன்னிசா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் பாஞ்சாலி மீன்கூடையோடு சந்துக்குள் வந்தாள். இவள் வாசலில் கூடையை இறக்கி வைத்தாள்.

"பீவிம்மா, ஒண்ணு சொல்லணும். மனசுல வெச்சிகினு கீறதுக்குக் கஷ்டமா கீது."

"உள்ள வா."

"வாணாம், ஈரக் காலு." வாசற்படியிலேயே நின்றாள். "மொதக் கூட்டத்துல உன் பேரு சொன்னேன். அந்த பீவிம்மாவயும் இட்டுகினு வாங்கன்னேன். அப்பால பாத்துக்கலாம்னாங்க. நான்... சும்மா இருந்துட்டேன். இன்னொரு தபா கேட்டா எங்கள வெளிய அனுப்பிடுவாங்களோன்னு பயமா பூட்சி. அங்க மாடில அப்பிடி இருக்கு. வாயே வரமாட்டேங்குது."

"தெரியும்," என்றாள் அஸ்மத்துன்னிசா.

"கோவமா?"

கோபமா என்று அவள் தன்னுள் தேடிப் பார்த்தாள். கோபம் இல்லை. அந்த மாடியில் வாய் வராமல் போவது எப்படி என்று அவளுக்குத் தெரியாததா? "கோவமில்ல, பாஞ்சாலி. அவங்க முன்னாடி நீ இருக்கறதே பெரிசு. சும்மா இருந்தது இருக்கட்டும். கொஞ்ச நாள் போனதும் இன்னொரு தடவை கேளு. என் பேரைத்தான் சொல்லணும்னு இல்ல. யாரு வெளியில நிக்கிறாங்களோ அவங்க பேரைக் கேளு."

பாஞ்சாலி தலையாட்டினாள். பிறகு வந்த வேலை நினைவு வந்ததுபோல் குந்தி உட்கார்ந்து கூடையின் மேல்சாக்கை விலக்கினாள். உள்ளே நெத்திலி பளபளத்தது.

"எவ்ளோ போடட்டும்? ஒரு ஆளுக்குத்தானே?"

"ஒரு ஆளுக்குத்தான்."

இரண்டு கை அள்ளி இவள் பாத்திரத்தில் போட்டாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போயேன்," என்றாள் அஸ்மத்துன்னிசா. "டீ போடறேன். உனக்கும் எனக்கும்."

"வெயில் ஏறிகினு கீது, மீனு கெட்டுப்பூடும். இன்னொரு நாளு வரேன், பீவிம்மா." கூடையைத் தலைக்கு ஏற்ற அஸ்மத்துன்னிசா ஒரு கை கொடுத்தாள்.

சந்து திரும்புகிற இடம்வரை அவள் குரல் கேட்டது, மீனே, மீனே என்று. பிறகு கச்சேரி ரோட்டு வண்டிச் சத்தத்தில் அது கலந்துவிட்டது. அஸ்மத்துன்னிசா கதவைச் சாத்தவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தில் வெளிச்சமாக இருந்த இடத்தில் மணை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நெத்திலியாகத் தலையைக் கிள்ளிப் போடத் தொடங்கினாள்.